நான் அடித்த மூன்றாவது வரி

என் சமையலறையில் கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையின் அடியில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. மேலே ‘யார்க் – நான்கு நாள்’ என்று அக்காவின் உருண்டைக் கையெழுத்து. அதன் மூன்றாவது வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தது நான். வீடு ஒழிக்கும்போதெல்லாம் எடுத்துப் படிப்பேன். குப்பையில் போட மனம் வராது. பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன்.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் நாங்கள் இருவரும் கான்ட்ராக்ட் ஊழியர்கள், பக்கத்துப் பக்கத்து இருக்கை. நான் சென்னை, அவர் கோபிசெட்டிபாளையம். என்னை ‘அம்மணி’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மனைவி காலமானபின் ஊரில் தனியாக இருந்தார். அக்கா ஒரே மகள். யார்க்கில் பழைய நீராவி எஞ்சின்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட்டே கிடையாது, இலவசம் என்று மகள் போனில் சொன்னதும், “எஞ்சினை போட்டோ புடிச்சு அனுப்பு சாமி. சக்கரத்துக்குப் பக்கத்துல நீ நிக்கோணும், அப்பத்தான் அதோட ஒசரம் தெரியும்” என்றாராம். நாங்கள் இருவரும் போக நினைத்திருந்த இங்கிலாந்துப் பயணம் லண்டனை விட்டு யார்க் என்று முடிவானது அப்படித்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் திட்டம் போட்டோம். நான் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று என் கணவர் கேலி செய்வார். அந்தத் திறமையெல்லாம் இந்தத் தாளில் இறங்கியது. நவம்பரில் போனால் விமானம் மலிவு. அடுப்பு உள்ள அறை எடுத்தால் ரவையும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோய் ஓட்டிவிடலாம். மூன்றாவது வரி, பாஸ்போர்ட். விசா முடிவாகும்வரை அதை நம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமானால் தனிக் கட்டணம். “அப்பாவுக்கு வயசாச்சு அம்மணி, கையில இருந்தா தேவலைன்னு பாக்கறேன்” என்று அக்கா இழுத்தார். “மூணே வாரம்தானேக்கா? அந்தக் காசுல ரெண்டு நாள் ரூம் புக் பண்ணிடலாம்” என்று சொல்லிக்கொண்டே கோடு கிழித்தேன். பூசணிக்காய் போன இடம் தெரியாதவள் கடுகு போன இடத்தை ஆராய்ந்த கதைதான். அவர் சிரித்து, சரி என்றார். இருவருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே நாளில் விசா அலுவலகத்துக்கு அனுப்பினோம்.

இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவருடைய பெரியப்பா மகன் ஊரிலிருந்து கூப்பிட்டார். அப்பாவுக்கு மாரடைப்பு, எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா அழவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தார், பையை எடுத்தார், லிஃப்ட் வரை வேகமாக நடந்தார். அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “அம்மணி, பாஸ்போர்ட்டு” என்றார்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற எழுதினோம். வேறு வழி கேட்டு அலைந்தோம். எந்த வழியும் இரண்டு நாளில் முடிவதாக இல்லை. அப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் வியாழன் மாலை வரை வைத்திருந்தார்கள். இங்கே அது விடியும் நேரம். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், காபிப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்த போனில் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கும் முன் யாரோ போனை முகத்தருகே கொண்டுபோனார்கள். அக்கா கை நீட்டி அப்பாவின் நெற்றியைத் தொட்டார். விரல் பட்டதும் திரையில் பொத்தான்கள் எழும்பி முகத்தை மறைத்தன. அவை மறைவதற்குள் வாசலில் பறைச் சத்தம் கேட்டது.

நாங்கள் எழுதியதை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை பாஸ்போர்ட் வந்தது, இங்கிலாந்து விசா புத்தம் புதிதாக ஒட்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டு அக்கா கருமாதிக்குப் போனார். யார்க் பயணம் நின்றுபோனது. திரும்பி வந்து சில மாதங்களில் டெக்சாஸில் ஆலன் என்ற ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். இன்றுவரை அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் ஆபீஸ் வேலையாக லண்டன் போனேன். மீதமிருந்த ஒரு நாளில், யாரிடமும் சொல்லாமல் யார்க்குக்கு ரயில் ஏறினேன். அந்தச் சக்கரம் என்னைவிட உயரம். பக்கத்தில் நின்று, அங்கிருந்த ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, அங்கே நிற்க வேண்டியது நானில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டார். “லண்டன் போனியாமா? அப்படியே யார்க்குக்கும் போனியா அம்மணி?”

“இல்லக்கா, டைமே கிடைக்கல” என்று பொய் சொன்னேன்.

“பரவால்ல. அடுத்த தடவை போனா அந்த எஞ்சினை ஒரு போட்டோ புடிச்சுட்டு வா. அப்பா கேட்டாங்கல்ல” என்றார், சாதாரணமாக.

போனை வைத்ததும் இழுப்பறையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். கடைசி வரியில் ‘அப்பாவுக்கு எஞ்சின் போட்டோ’ என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை நாங்கள் யாரும் அடிக்கவில்லை. படம் என் போனில்தான் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.