குளியலறை மாடத்து மீன் எண்ணெய்

அரசாங்க வேலையில் ஒருவன் நிரந்தரமாவதற்கு மூளை தேவை என்று எந்த விதியிலும் இல்லை. எடை தேவை என்று இருந்தது. போர்க்காலத்தில் பெங்களூரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்த எனக்கு இதைத் தெரிவித்தவர், உடல் தகுதிப் பரிசோதனை செய்த கண்டோன்மென்ட் டாக்டர். என்னை எடை மேடையில் ஏற்றி முள்ளைப் பார்த்தார். கோளாறு மெஷினில்தானோ என்று ஒருமுறை தட்டியும் பார்த்தார்.

“மிஸ்டர், சட்டைக்குள்ள ஆள் யாராச்சும் இருக்காங்களா?”

“இருக்கேன் சார்.”

“என்ன சாப்பிடறீர்?”

“மூணு வேளையும் சோறு சார். நல்லா தீட்டின வெள்ளை அரிசி.”

“அதான் பாத்தாலே தெரியுதே! ராகி சாப்பிடும். கீரை, வேர்க்கடலை சாப்பிடும். முடியலைன்னா மீன் எண்ணெய் குடியும். மூணு மாசம் டயம். அப்பவும் வெயிட் ஏறலைன்னா அன்ஃபிட்னுதான் எழுதுவேன்.”

அன்ஃபிட் என்றால் வேலை போயிற்று. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஆனால் அந்த மனுவையும் கருத்துக் கேட்டு அதே டாக்டருக்குத்தான் அனுப்புவார்கள்.

எங்கள் குடும்பம் பரம்பரை சைவம். மீனைப் படத்தில் பார்த்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆகவே ராகிக்கு மாறியிருப்போம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, மீன் எண்ணெய்தான் வாங்கினோம். மருந்து என்று சொல்லிவிட்டால் மீனுக்குத் தோஷமில்லை. ராகிக்கு அப்படியொரு விதிவிலக்கு கிடையாது. களி என்பது வண்டிக்காரர் சாப்பாடு என்பது உத்தியோகஸ்தர்கள் நிறைந்த எங்கள் தெருவின் கொள்கை. நிரந்தரமாகாத குமாஸ்தா அதை மீறலாமா?

புட்டி சமையலறைக்குள் வரக்கூடாது என்று என் மனைவி உத்தரவிட்டாள். குளியலறை மாடத்தில், நல்லெண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. குடித்ததும் வாய் கொப்பளித்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். வெள்ளிக்கிழமை குடிக்கக்கூடாது. சோமவாரம், கிருத்திகை, பிரதோஷம், அமாவாசை எல்லாம் விலக்கு. அலுவலகம்கூட எனக்கு அவ்வளவு விடுமுறை கொடுத்ததில்லை. ரயில் நிலையத்து எடை மெஷினில் காசு போட்டுப் பார்த்தேன். எனக்கு நல்ல காலம் நெருங்குவதாகச் சீட்டில் அச்சிட்டிருந்தது. எடை மட்டும் பழையபடியே இருந்தது.

இதற்கிடையே அரிசிக்கு ரேஷன் வந்தது. கடையில் அரிசியைக் குறைத்து, மீதிக்கு ராகியை அளந்தார்கள். மனைவி அதை டின்னில் போட்டு மூடினாள்.

“யாராவது கேட்டா மாட்டுக்குன்னு சொல்லுங்க.”

“நம்மகிட்ட மாடு ஏது?”

“வாங்கப் போறோம்னு சொல்லுங்க.”

அந்தச் சமயத்தில்தான் அத்திபெலேயில் புளி மண்டி வைத்திருந்த என் மாமனார் வந்து சேர்ந்தார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். மூக்கோ, பொடி போட்டுப் போட்டு எப்போதோ பணி ஓய்வு பெற்றுவிட்டது. என் மருந்துப் புட்டி முழுவதையும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு கொல்லையில் வெயில் காய்ந்தார்.

“எண்ணெய் இன்னாமா எறங்குது! எந்தச் செக்குல வாங்கனே?” என்று மகளைக் கேட்டார். அதற்குள் மதில்மேல் பூனைகள் வந்து உட்கார்ந்திருந்தன.

பூனைகளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அம்மாளின் தலை தெரிந்தது. அவர் கணவரும் சர்க்கார் உத்தியோகம்தான்.

“இன்னாம்மா இது, கவுச்சி நாத்தம்? சைவம் சைவம்னு பேசிக்கினு, உள்ள மீனா வறுக்கிறீங்க?”

“அது மருந்து அக்கா. எங்கப்பா தெரியாம தேச்சிக்கினாரு,” என்றாள் மனைவி. அதோடு நிறுத்தியிருக்கலாம். “உங்க வீட்டுல தெனம் சாயந்திரம் ஜன்னலைச் சாத்திக்கினு களி கிண்டற வாசனை வருதே, நான் ஒரு நாளாவது கேட்டனா?”

மதில்மேல் தெரிந்த தலை சட்டென்று கீழே இறங்கியது. தெருவோடு பகையாயிற்று என்று நான் முடிவு கட்டினேன்.

“மெல்ல பேசுடி,” என்றார் அம்மாள், மறுபடி எட்டிப் பார்த்து. “ரேஷன்ல குடுத்ததைக் கொட்டவா முடியும்?”

மனைவி மதிலருகே போனாள். “அக்கா, அது கட்டி தட்டாம எப்படிக் கிண்டறது?”

மாமனார் தலையை ஆட்டிக்கொண்டார். “மண்டியில நான் தெனம் துண்றது அதான் மாப்ளே. மவ கோச்சிக்குவான்னு சொல்லலை.”

மறுநாள் புட்டி தேடி இங்கிலீஷ் மருந்துக் கடைகளில் அலைந்தேன். கப்பல் வந்தால்தான் சரக்கு, போர் முடிந்தால்தான் கப்பல் என்றார்கள். டாக்டர் கொடுத்த மூன்று மாதத்தில் பாதிகூட மிச்சமில்லை. மனைவி டின்னைத் திறந்தாள்.

அன்றுமுதல் எங்கள் வீட்டிலும் களி. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைக் கூட்டு, வேர்க்கடலைச் சட்னி. முதல் உருண்டை தொண்டையில் நின்று என்னோடு வாதாடியது. பிறகு வந்தவை மறுபேச்சில்லாமல் இறங்கின. களிக்குப் பிரதோஷமும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. தெருவில் ஒவ்வொரு வீடாக ஜன்னல்கள் திறந்தன. களி கிண்டும் துடுப்புச் சத்தத்தைக் கேட்டால், அத்தனை வீடுகளும் மாடு வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவைதான் என்று தெரிந்தது.

கெடு முடிந்து மேடையில் ஏறினேன். முள் தயங்கி, நகர்ந்து, வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. டாக்டர் மேசையைத் தட்டினார்.

“பாத்தீரா? மீன் எண்ணெய்னா மீன் எண்ணெய்தான்! சைவக்காரர் குடிக்க மாட்டீர்னு நெனச்சேன்.”

‘தகுதி உண்டு’ என்று எழுதினார். எண்ணெயின் மகிமையைக் குறிப்புப் பகுதியில் சேர்த்தார். நான் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டேன். பேனா நமக்குச் சாதகமாக ஓடும்போது குறுக்கே பேசக்கூடாது. இது எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை நான் ஒருமுறைகூட மீறாத விதி இது ஒன்றுதான்.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள்.

“இன்னா சொன்னாரு?”

“பாஸ். எண்ணெயை நிறுத்தாம தொடரணுமாம்.”



“அப்போ எங்கப்பாவை வரச் சொல்லி எழுதுங்க. சனிக்கிழமையா பாத்து வரட்டும்.”