மாட்டு ஊசிக் குடுவையும் மூன்று படிகங்களும்

செவ்வாய், மாலை 4.20. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை 292 கிலோமீற்றர். முதுகுப்பைகளோடு வந்த வெளிநாட்டவர்கள் எல்லவில் இறங்கிவிட்டதால், கடைசி ஒரு மணி நேரம் பெட்டியில் பத்துப் பேர்கூட இல்லை. என் காலடியில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அலுமினியக் குடுவை. எதிரே இருந்தவர் பதுளைக் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருப்பவர். தெமோதரை தாண்டியதும் கேட்டேவிட்டார்.

“பால் கேனுங்களா?”

“இல்லீங்க. உள்ள ஒண்ணுமில்ல, வெறும் குளிருதான்.”

அவர் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். நான் சொன்னது பொய்யில்லை. அந்தக் குடுவையின் உட்சுவர் திரவ நைட்ரஜனைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்திருக்கும். கவிழ்ந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. உள்ளே வைத்த பொருள் பத்து நாளைக்கு உறைந்தபடியே இருக்கும். அதில் வைக்க வேண்டிய பொருளைத் தேடித்தான் பதுளைக்கு வந்திருந்தேன்.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது என் தொழில். தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோயை உண்டாக்கும் பூஞ்சணம், இலையின் மேல்தோலைக் கரைக்க ஒரு புரதத்தைப் பயன்படுத்துகிறது. அதன் வடிவம் தெரிந்தால் அதை முடக்கும் மருந்தைத் தேடலாம். வடிவத்தைக் காண, புரதத்தைக் கோடானுகோடியாக ஒரே சீராக அடுக்கிப் படிகமாக்க வேண்டும். படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அது சிதறிப் புள்ளிகளாக விழும். புள்ளிகளிலிருந்து வடிவத்தைக் கணக்கிடலாம். கணக்கு எனக்குப் பயமில்லை, படிகம்தான் வரமாட்டேன் என்றது. மூன்று வருடங்களாக ஒவ்வொரு மின்வெட்டிலும் குளிரூட்டி நிற்கும், அறையில் வெப்பம் இரண்டு பாகை ஏறும், அதுவரை வளர்ந்ததெல்லாம் கரைந்துபோகும்.

யோகராணி தேயிலைத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்; எங்கள் கூடத்தில் பயின்றவள். அவள் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். திருமணத்துக்குப் பிறகு அவள் பதுளையில் இரசாயனவியல் ஆசிரியை ஆகிவிட்டாள். ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்: “அக்கா, எங்க வீட்டுப் பின்னறைச் சுவரு மலையோட ஒட்டியிருக்கு. பகல்லயும் ராவுலயும் ஒரே குளிரு. கொஞ்சம் புரதம் அனுப்புங்களேன், வச்சுப் பாக்குறேன்.” ஐஸ் வைத்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரே துளிக்குள் ஏழு படிகங்கள்.

நிலையத்துக்கு வெளியே ஆட்டோ பிடிக்கும்போது கைபேசி ஒலித்தது. பதுளையில் திரவ நைட்ரஜன் தருவதாகச் சொன்னவர், இந்த வாரம் தாங்கி வரவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். என் குடுவை உறைந்ததைக் காக்குமே தவிர, உறையவைக்காது. அதற்குப் படிகத்தைத் திரவத்திலேயே முக்க வேண்டும். உறையவைக்காமல் அந்தத் துளியை மலைப்பாதையில் இறக்கினால் குலுக்கலில் படிகங்கள் வெடித்துவிடும். வெள்ளிக்கிழமை பார்சல் விமானம் ஏறியாக வேண்டும். வெளிநாட்டில் எக்ஸ் கதிர் நிலையமொன்றில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த நேரம் ஒரு வருடம் காத்திருந்து கிடைத்தது.

மாலை 5.40. பசறை வீதியில் பதினொரு கிலோமீற்றர், பிறகு தோட்டத்துப் பாதையில் நான்கு. ஆட்டோவுக்கு 1,800 ரூபாய். வெள்ளைக்கல் தோட்டம், மேற்பிரிவு. லயங்களுக்கு மேலே தொழிற்சாலை, அதற்கு மேலே யோகராணியின் குவாட்டர்ஸ். தொழிற்சாலை இயந்திரங்களின் அதிர்வு படாதபடி, மீன் அடைத்து வரும் நுரைப்பெட்டியை இரண்டு கம்பளிகளின் மேல் வைத்திருந்தாள். அதிலிருந்து படிகத் துளி இருந்த தட்டை எடுத்துப் பாடசாலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள்.

ஏழும் இருந்தன. ஆனால் அழகாக இருப்பதாலேயே புரதம் என்று நம்பிவிட முடியாது. உப்பும் இப்படித்தான் மினுங்கும். உப்பைப் புரதமென்று எண்ணி ஒரு வருடம் ஏமாந்தவன் எங்கள் கூடத்திலேயே இருக்கிறான்.

“ஒண்ண ஒடைச்சுப் பாக்கணும்,” என்றேன்.

“எனக்குத் தெரியும் அக்கா. எந்த ஒண்ணுன்னு நானே சொல்றேன்.” மூலையில் இருந்த சிறியதைக் காட்டினாள்.

ஊசி முனையால் அழுத்தினேன். உப்பாக இருந்தால் கல்போல எதிர்த்து நிற்கும். இது பாலாடைக்கட்டி போல நொறுங்கியது. யோகராணி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

“நைட்ரஜன் இல்லாம என்ன செய்றது?” என்றேன் பிறகு.

“மாட்டுக்கு ஊசி போடுறவருகிட்ட இருக்கும்,” என்றாள்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாகிவிட்டது. காளையின் விந்தை மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் வைத்துத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள்.

புதன், காலை 6.45. யோகராணி பாடசாலைக்கு இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். அவள் அழைத்ததும், மாட்டுக்கு ஊசி போடும் மகேந்திரன் தன் ஆட்டோவிலேயே வந்தார். ஐம்பது வயதிருக்கும். பின் இருக்கையில் கயிற்றால் கட்டிய நீல நிறக் குடுவை. விஷயத்தைச் சொன்னோம்.

“தர்றேன் மிஸ். ஆனா ஒரு மாடு பருவத்துக்கு வந்திருக்கு. அது மொதல்ல. நேரம் தப்பிருச்சுன்னா இன்னும் மூணு வாரம் நிக்கணும்.”

“எங்க பார்சலும் வெள்ளிக்கிழம போயாகணும்,” என்றேன்.

“அப்ப நீங்களும் ஏறுங்க. முடிஞ்ச கையோட நேரா இங்கயே வந்துருவோம்.”

இரண்டு கிலோமீற்றர் கீழே, கடைசி லயத்தின் பக்கத்தில் தகரக் கொட்டகை. பசுவின் சொந்தக்காரி காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகேந்திரன் மெல்லிய குழாய் ஒன்றைக் குடுவையிலிருந்து உருவி வெந்நீரில் இட்ட வேகத்தை நான் கவனித்தேன். மூடியைத் திறந்தது, எடுத்தது, மூடியது எல்லாம் ஒரே அசைவு. அப்படி ஒரு கை எங்கள் கூடத்தில் எவருக்கும் இல்லை.

காலை 8.30. யோகராணி வீட்டு முற்றத்தில் அவர் ஒரு மரக்குச்சியைக் குடுவைக்குள் விட்டு எடுத்தார். பனி படிந்த உயரத்தை விரலால் அளந்தார்.

“அடுத்த நெறப்பு திங்கக்கெழமதான். இதுக்குக் கீழ போனா என் சரக்கு செத்துரும். ரெண்டு கப் தர்றேன். அதுக்குள்ள முடிச்சிருவீங்களா?”

“முடிச்சிருவோம்,” என்றாள் யோகராணி, நான் வாய் திறப்பதற்கு முன்.

படிகத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். அப்படியே உறையவைத்தால் அது பனிக்கட்டியாகிப் படிகத்தைக் கெடுத்துவிடும். அதனால் கிளிசரின் கலந்த கரைசலில் ஒரு முறை நனைத்து, நைலோன் நூலில் செய்த, கண்ணால் காண்பதே அரிதான வளையத்தால் அள்ளி, சட்டென்று முக்க வேண்டும். முதலாவதை நான் அள்ளினேன். முக்கியதும் வெள்ளையாகிப் போனது. பனிக்கட்டி. இரண்டாவது வளையத்திலிருந்து நழுவியே விட்டது. நான்குதான் மிச்சம். கிண்ணத்தில் திரவம் கொதித்துக் குறைந்துகொண்டிருந்தது.

“கிளிசரின் இன்னும் கொஞ்சம் கூட்டணும்,” என்றாள் யோகராணி. “எந்திரிங்க அக்கா, நான் பாக்குறேன்.”

பதினெட்டு வருட அனுபவம் எனக்கு. எழுந்தேன்.

கதவருகே நின்ற மகேந்திரன், “கப்ப கிட்ட கொண்டாங்க,” என்றார். “கை போற தூரத்துலதான் எல்லாம் கெட்டுப்போகும். எங்களுக்கும் அதே கததான்.” கிண்ணத்தை நுணுக்குக்காட்டியோடு ஒட்டினாற்போல நகர்த்தினோம்.

அவள் எடுத்த முதல் படிகம் நனைக்கும்போதே விரிசல் விட்டது. அடுத்தது முக்கியபின் கண்ணாடி போலத் தெளிவாக நின்றது. அதற்கடுத்ததும். கடைசியும். மூன்றையும் என் குடுவைக்குள் இறக்கி மூடியபோது கிண்ணத்தில் ஒரு கரண்டித் திரவம் மிச்சமிருந்தது. மகேந்திரன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு மாடு இருக்கிறது என்று புறப்பட்டுப் போனார்.

வியாழன், காலை 8.15, பதுளை ரயில் நிலையம். வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்சல் படிவத்தை நிரப்பினேன். ‘படிகம் வளர்த்தவர்’ என்ற இடத்தில் யோகராணியின் பெயரை எழுதினேன். ‘வளர்த்த இடம்’ என்பதில் பதுளை என்று எழுதத் தொடங்கியபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

“தோட்டத்துப் பேரப் போடுங்க அக்கா. மேற்பிரிவுன்னும் போடுங்க. எங்க லயத்துக்கு நம்பர்கூட இல்லாத காலத்துல, யாருக்குக் கடிதாசி வந்தாலும் தோட்டத்து ஆபீசுல போயித்தான் கேக்கணும். இது எங்கிருந்து போச்சுன்னு வாங்குறவங்களுக்குத் தெரியட்டும்.”

முழுதாக எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

பதினொரு நாள் கழித்து முடிவு வந்தது. முதல் படிகத்தில் பனிக்கட்டியின் வளையங்கள் தெரிந்தன. இரண்டாவது, ஒன்றுக்குள் ஒன்றாக வளர்ந்த இரட்டை. புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பிரிக்க முடியவில்லை. மூன்றாவது படிகத்தின் புள்ளிகள் படத்தின் விளிம்பு வரை, சுத்தமாக, வரிசை வரிசையாக இருந்தன. என் வாழ்நாளில் நான் பார்த்த மிக நல்ல படம் அது. வடிவம் கிடைக்க அது மட்டும் போதாது. புள்ளிகள் பாதிச் செய்தியைத்தான் சொல்லும். மீதிப் பாதிக்கு, கனமான அணுக்களை ஊறவைத்த புதிய படிகங்கள் வேண்டும்.

கொழும்பிலேயே ஒரு புதிய குளிர் அறை தரலாம் என்று எங்கள் தலைவர் சொன்னார். நல்ல அறை, பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யோகராணியை அழைத்து அடுத்த தட்டு எப்போது வைக்கலாம் என்று கேட்டேன்.

“நாளைக்கு நாலு மணிக்குப் பாடசாலை விட்டு வந்துருவேன்,” என்றாள். “புரதத்த இன்னிக்கே அனுப்புங்க.”