காவி பூசிய கட்டைகள்

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் வீட்டுக்கு வருவதை அவருடைய கனைப்புதான் முதலில் சொல்லும். தோணிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் என்பதால் தெருவிலேயே தொண்டையைச் செருமுவார். அம்மா உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். கோவளத்திலிருந்து கால்வாய் வழியாகப் பட்டணத்துக்குத் தோணியில் சவுக்குக் கட்டை ஏற்றிப் போவது அவர் தொழில். கட்டையின் நுனியில் காவி பூசியிருந்தால் அது அவர் சரக்கு.

ஐம்பதுகளில் ஒரு கார்த்திகை மழையில் முட்டுக்காட்டு முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. வெள்ளம் அத்தாவோடு தோணியைக் கடலுக்குள் இழுத்துப் போனது. தோணி உடைந்து கரை ஒதுங்கியது. அத்தா ஒதுங்கவில்லை.

கட்டைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. கரையில் ஒதுங்கியதைக் குப்பத்து மீனவர்கள் தோளில் தூக்கி வந்து எங்கள் வாசலில் போட்டார்கள். விறகுக்கு ஆலாய்ப் பறந்த மழைக்காலம், அவர்களே எரித்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

"இது அண்ணாத்த சரக்கு, அக்கா. நாங்க எரிச்சா எங்களுக்கு ஒட்டுமா?" என்றார் ஒருவர்.

கட்டை விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் தம்பியும் வாசலுக்கு ஓடுவோம். அந்தச் சத்தத்தை இன்றும் என்னால் தாங்க முடியாது. பக்கத்து வீட்டில் யாராவது மூட்டையை இறக்கினால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

புருஷன் இறந்தால் எங்களில் பெண்கள் தாலியாகக் கட்டிய கருகமணியைக் கழற்றிவிட்டு, சில மாதம் வெளியே வராமல் இத்தா இருப்பார்கள். அம்மா இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். அத்தாவின் அக்கா, எங்கள் மாமி, வந்து சத்தம் போட்டாள்.

"ஊரு இன்னா பேசுது தெரியுமா? கழுத்துல கருகமணியப் போட்டுகினு தெருவுல போறியே!"

"மையத்த என் கண்ணுல காட்டுங்க. அப்பால உக்கார்றேன்" என்றாள் அம்மா.

அத்தாவின் உடல்தான் கிடைக்கவே இல்லையே. எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. அத்தா செத்துவிட்டார் என்று அவள் ஒரு தரம் சொல்லியிருந்தால் நாங்களாவது அழுது தீர்த்திருப்போம்.

அம்மா ஆப்பம் சுட்டு விற்றுத்தான் எங்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். அடுப்புக்குத் தினமும் விறகு வேண்டும். தாழ்வாரத்தில் கூரையைத் தொடும் அளவுக்குக் கட்டை கிடந்தது. அவளோ சவுக்குத் தோப்பில் காவல்காரனிடம் வசவு வாங்கிக்கொண்டு சருகு பொறுக்கினாள். ஈரச் சருகின் புகையில் தம்பி இருமி இருமிச் சுருண்டான். ஒரு கட்டையை உருவலாமா என்று கேட்டேன்.

"அவரு வந்து சரக்கு எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவள் பைத்தியமில்லை. பைத்தியமாக இருந்தால் எனக்குப் பயமிருந்திருக்காது. ஆப்பம் சுட்டுக்கொண்டே இருப்பாள், சட்டென்று முக்காட்டை இழுத்துக்கொள்வாள். நாங்கள் வாசலைப் பார்ப்போம். யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் எனக்கும் கேட்க ஆரம்பித்தது, அதே செருமல், அத்தனை பக்கத்தில். தம்பியிடம் சொன்னேன். அவன், "ஒனக்கு இப்பத்தான் கேக்குதா?" என்றான்.

சில வருஷம் கழித்து, அதே மாதிரி அடைமழையில், அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். குளிப்பாட்ட வெந்நீர் வைக்க வேண்டும். ஊரில் காய்ந்த விறகு எங்குமே இல்லை. பெண்கள் எல்லாரும் தாழ்வாரத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நானே கேட்டுவிட்டேன்.

மாமி என்னைக் கட்டிக்கொண்டாள். "அவன் கட்ட, அவன் பொண்டாட்டிக்குத்தானே எரியுது. கேக்க மாட்டான், வுடுடி."

கடல் உப்பு ஊறிய கட்டை படபடவென்று வெடித்து எரிந்தது. கருகமணியை மாமி கழற்றி என் கையில் வைத்தாள். அம்மாவின் தலையை வெள்ளைத் துணியால் அவர்கள் மூடும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் காது கொடுத்தேன். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கனைப்பு கேட்கவே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதேன்.