புல்வெட்டியின் கடைசிக் குறை

என்னிடம் என்னைவிட வயதான டிராக்டர் ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் பூட்டுகிற பழைய புல்வெட்டி ஒன்று பல்லேகம என்ற ஊரில் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என்னென்ன குறை சொன்னால் விலை இறங்கும் என்று இணையத்தில் படித்து, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி தயாராக இருந்தேன்.

அதை விற்கும் முஸ்லிம் அண்ணன், ஊரார் சொல்லும் நானா, என்னை வாய் திறக்க விடவில்லை. "ஐபை, குறையை மறைச்சு விக்கிறது ஹராம், சேர்" என்று குறைகளை அவரே சொல்ல ஆரம்பித்தார். கத்திகளில் பாதி மழுங்கல். சட்டம் உடைந்து ஒட்டுப் போட்டது. நான் படித்ததெல்லாம் வீண்.

"அவ்வளவுதானே நானா?" என்றேன், விலைக்கு வரும் அவசரத்தில்.

"இன்னொன்னு இருக்கு. லீவரை இழுத்தாலும் கத்தி உடனே நிக்காது. சிக்கின புல்லை எடுக்கப்போய்த்தான் எங்கட தம்பிட கால் போச்சு." புல்வெட்டியைப் பார்க்காமலே பேசினார். "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியால வாறான். அவன்ட கண்ணுல இது படக்கூடாது. அதுக்கும் சேர்த்துக் குறைச்சுக் கேளுங்க. முன்ன வந்தவரும் அப்படித்தான் கேட்டாரு."

என் தலைக்குள் விலை ஏற்கனவே இறங்கியிருந்தது. ஆனாலும் அவர் போனில் முதலில் சொல்லியிருந்த விலையையே கொடுத்து, அன்றே லொறியில் ஏற்றினேன்.

இப்போது அது என் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. வெளியே புல் இடுப்பு உயரம். விற்றுத் தொலைக்கலாம்தான். ஆனால் வாங்க வருபவரிடம் அந்தக் கடைசிக் குறையை நான் சொல்ல வேண்டும். சொன்னதும் அவர் முகத்தில் விலை இறங்குவதை நின்று பார்க்கவும் வேண்டும்.