கேஸ் அடுப்பு மாட்டப் போன வீடுகள்

கேஸ் அடுப்பு மாட்டும் வேலையில், அடுப்பை மாட்ட அரைமணி நேரம் போதும். மாட்டிய பிறகு அந்த வீட்டை விட்டு வெளியே வரத்தான் நேரம் பிடிக்கும்.

புதுசாக ஒரு மிஷினை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, அதைத் தொடலாமா கூடாதா என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் கோலார் தங்க வயலில் ஒரு கேஸ் ஏஜென்சியில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி ஒரே ஒரு மத்தியானம் பாடம் சொல்லிக் கொடுத்தார். ரெகுலேட்டரை இப்படி மாட்டு, ரப்பர் டியூப்பை இப்படிச் செருகு, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார், குமிழி வந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். மறுநாளே ஊருக்கெல்லாம் நான்தான் அதிகாரி.

வழி எங்கே

முதல் வீடு பாலகாட் சுரங்கத்துப் பக்கம், முனிசாமி என்பவருடையது. சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிறவர். டைனமைட்டைத் தினமும் கையால் தொடுகிற மனுஷன். அவர் மனைவி ஜெயம்மாதான் ஆசைப்பட்டு கேஸுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நான் போனபோது முனிசாமி காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேஸ் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

அப்புறம்தான் எனக்கு விஷயம் விளங்கியது. சுரங்கத்துக்குள்ளே வெடி வெடித்த பிறகு பரவும் புகைக்கு அவர்கள் பாஷையில் கேஸ் என்றுதான் பெயர். அது அடித்து மயங்கி விழுந்தவர்களை அவர் தோளில் தூக்கி வந்திருக்கிறார். அதே பெயரில் ஒரு சாமானை நான் அவருடைய சமையல்கட்டிலேயே கொண்டுபோய் வைக்கிறேன். இது வேறு, அது வேறு என்று எவ்வளவோ சொன்னேன். ஒழுகினால் நாற்றம் வரும், உடனே ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்றும் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பார்த்தார். அங்கே ஜன்னலே இல்லை.

கையைக் கழுவிவிட்டு, சமையல்கட்டின் பின்பக்கத் தகரத்தில் ஒன்றைப் பெயர்த்து எடுத்தார். கொல்லை வெளிச்சம் உள்ளே வந்தது. அதற்குப் பிறகுதான் என்னை மாட்டச் சொன்னார். இவ்வளவு பயப்பட வேண்டியதில்லையே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு, பொறுமையாக விளக்கினார்: "உள்ள கேஸ் அடிச்சா நாங்க மேல ஏறி வந்துடுவோம் தம்பி. இங்க ஏற்கனவே மேலதான் கீறோம். அப்பால எங்க ஏறிப் போறது?"

கணக்கு வாத்தியாரின் கேள்வி

கேஸ் அடுப்பின் குமிழை நீங்களும் திருப்பியிருப்பீர்கள். கொஞ்சம் திருப்பினால் தீ பெரிசாக எரியும். இன்னும் திருப்பினால் சிறிசாகிவிடும். இதில் என்ன அதிசயம் என்று இப்போது தோன்றும். அந்தக் காலத்தில் ஜனங்களுக்குத் தெரிந்த குமிழ் ரேடியோக் குமிழ் ஒன்றுதான். அதைத் திருப்பத் திருப்பச் சத்தம் கூடும். தெருக் குழாயும் அப்படித்தான், திருப்பத் திருப்பத் தண்ணீர் கூடும்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் பால் பொங்கி வழிந்தது. தீயைக் குறைக்க அவர் மனைவி குமிழைப் பின்னால் திருப்ப, தீ இன்னும் எழும்ப, அந்த அம்மாள் பாத்திரத்தையே இறக்கிக் கீழே போட்டுவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார் வாத்தியார். கோபமே இல்லை. ஒரு காகிதத்தில் குமிழ் மாதிரி வட்டம் போட்டு, இந்த இடத்தில் தீ எவ்வளவு, அந்த இடத்தில் எவ்வளவு என்று என்னைக் கேட்டுக் கேட்டுக் குறித்தார். பார்க்கப் பார்க்க எனக்கே தலை சுற்றியது. ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்றார். தெரியவில்லை சார், முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலாளியைக் கேட்டேன். அதெல்லாம் பாதுகாப்புக்காக என்றார். யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டதற்குப் போய் வேலையைப் பார் என்றார். இதை அப்படியே வாத்தியாரிடம் ஒப்பித்தேன். அவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இதைச் செஞ்சவர் வீட்ல வேற யாரோ சமைக்கிறாங்கன்னு மட்டும் தெரியுதுப்பா."

பக்கத்து வீட்டு மூக்கு

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டில் கேஸ் ஒழுகுகிறது என்று புகார். ஓடினேன். சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி வரவில்லை. வீட்டுக்காரர்களைக் கேட்டால் எங்களுக்கு ஒரு நாற்றமும் இல்லையே என்றார்கள். புகார் செய்தது அவர்கள் இல்லை, பக்கத்து வீட்டு சரோஜா அம்மா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக நாற்றம் வருகிறதாம்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் புகார். மறுபடியும் சோப்புத் தண்ணீர். இந்தத் தடவை தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் மோந்து பார்த்தார்கள். ஒருவர் கருவாடு என்றார், இன்னொருவர் பெருங்காயம் என்றார், ஒரு பெரியவர் சாக்கடையைக் காட்டினார். இத்தனை பேர் சொன்னதைக் கேட்டதில் எனக்கு எல்லா நாற்றமும் வருவதுபோலவும் இருந்தது, எதுவுமே வராததுபோலவும் இருந்தது. என் மூக்கு கெட்டுப்போய்விட்டதோ என்று பயமே வந்துவிட்டது. கடைசியில் சரோஜா அம்மா வீட்டுக்குள்ளேயே போய் நின்றேன். விறகுப் புகையில் கண் எரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கம்மா, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "எங்க வூட்லயும் ஒண்ணு மாட்டிட்டா, நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு யாருக்கும் சந்தேகமே வராது இல்ல?"

எப்போது தீரும்

சிலிண்டர் எப்போது தீரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதைக் கேட்காத வீடே கிடையாது. விறகு என்றால் அடுக்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும். இது இரும்புக்குள் இருக்கிறது. சிலர் ஆட்டிப் பார்த்தார்கள், சிலர் தட்டிப் பார்த்தார்கள், ஒரு அம்மாள் காதை வைத்துக் கேட்டார். எனக்கும் பதில் தெரியாததால், சிலிண்டர் கொண்டுபோய்ப் போடும் அந்தோணியிடம் கேட்டேன். தினமும் அதைத் தூக்குகிறவர், ஏதாவது சூட்சுமம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு யோசித்துச் சொன்னார்: "சோறு பாதி வெந்திருக்கும் பாரு, அப்ப தீந்துடும்."

மேடை

எங்கள் விதிப்படி அடுப்பு மேடைமேல் இருக்க வேண்டும், சிலிண்டர் கீழே இருக்க வேண்டும். மேடை இல்லாத வீட்டுக்குக் கனெக்‌ஷன் கிடையாது. போய்ப் பார்த்து முடிவு சொல்வது என் பொறுப்பு. ரத்தினம் என்பவர் வீட்டில் மேடை இல்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு, ஒரு அறை, ஒரு தடுப்பு, சுவரில் புத்தர் படம். தடுப்புக்குப் பின்னால் தரையில் மண் அடுப்பு. ரத்தினம் பாறைத் துளை போடும் மிஷினில் வேலை செய்து, நெஞ்சில் தூசி படிந்து, வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மகன் பெங்களூரிலிருந்து பணம் அனுப்பி கேஸுக்கு எழுதிப் போட்டிருந்தான்.

நான் போன அன்று மழை. அவர் மனைவி அமிர்தம்மா அடுப்பை வெளியே கொண்டுபோய், கோணிப்பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் இருமினார், வெளியே இவர் இருமினார். இந்த வீட்டுக்குக் கேஸ் கிடையாது என்று நான் எழுத வேண்டும். எழுதவும் முடியவில்லை, மாட்டவும் முடியவில்லை. மேடை வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். முதலாளியிடம் கேட்டால், நேரில் பார்த்தவன் நீ, நீயே சொல் என்றார். இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை.

அந்த வாரக் கடைசியில் ரத்தினத்தின் பழைய கூட்டாளி ஒருவர் ஏஜென்சிக்கு வந்து மேடை ரெடி என்றார். போய்ப் பார்த்தேன். ரத்தினத்தோடு வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி, கடப்பாக் கல் கொண்டுவந்து, ஆள் ஏறி நின்றாலும் அசையாதபடி கட்டியிருந்தார்கள். மாட்டிக் கொடுத்தேன். அமிர்தம்மாவுக்கு நின்றுகொண்டு சமைப்பது புரியவே இல்லை. பழக்கத்தில் குனிந்து குனிந்து தீயை ஊதப் போனார். ஊதாதீங்கம்மா, அணைந்துவிடும் என்று நான் ஒவ்வொரு தடவையும் தடுத்தேன். ஊதாமல் எப்படி எரியும் என்று அவர் கேட்க, நான் மறுபடியும் குமிழைத் திருப்பிக் காட்டினேன்.

ஒரு மாதம் கழித்து டியூப்பைச் சோதிக்கப் போனேன். ரத்தினம் அந்த மேடை ஓரமாகவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அமிர்தம்மா டீ போட்டுக் கொடுத்தார். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரத்தினம் நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவளுக்கு இருமல் நின்னுபோச்சுப்பா. இத்தினி வருசம் ரெண்டு பேரும் சேந்து இருமிக்கினு இருந்தோம், எது யாருதுன்னே தெரியல. இப்ப நான் மட்டும்தான் இருமுறேன், ஒரு மாதிரி தனியா கீது."

இத்தனை வீட்டுக்கு அடுப்பு மாட்டிய எனக்கு, எங்கள் வீட்டில் கேஸ் வந்தது அந்த வேலையை விட்டுப் பல வருஷம் கழித்துத்தான். அதற்குள் ரெகுலேட்டரே மாறியிருந்தது. மாட்ட வந்தவர் சொன்னது எதுவும் புரியாமல், எல்லாம் புரிந்ததுபோல் நானும் தலையாட்டி அனுப்பினேன்.