இறக்கத்தில் பார்த்த மைலேஜ்

ஓசூரில் ஒருவர் புதிதாக வண்டி வாங்கினால் என்ன விலை என்று யாரும் முதலில் கேட்கமாட்டார்கள். எவ்வளவு கொடுக்கிறது என்றுதான் கேட்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த வரிசையில் அந்தக் கேள்வி மூன்று மொழிகளில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் "எவ்ளோ குடுக்குது?" என்றார். வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் "எஷ்டு கொடுத்தெ?" என்றார். பால்காரர் தெலுங்கில் "எந்த்த இஸ்துந்தி?" என்றார். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிப்பார்களே, அந்த மாதிரி அக்கறை. என் கணவர் மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: பதினாறு.

அந்தப் பதினாறை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான். அதனால் அவரைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன். ஏமாளி என்று வேண்டுமானால் சொல்வேன். பல தடவை சொல்லியும் இருக்கிறேன்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான சமயம் அது. இவர் வேலை பார்த்த கம்பெனி, இவருடைய மெஷின் ஷாப்பை வடக்கே எங்கோ மாற்றியது. கூடவே போகலாம், இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். இவர் கணக்கை முடித்துக்கொண்டு வந்து, ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கப் போவதாகச் சொன்னார். விருதுநகர் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த இவருடைய அண்ணன், "எதுக்குடா இந்த வேலை? ஊருக்கு வா. கடை இருக்கு, மாடியில ரூம் இருக்கு" என்று போன் செய்தார். நல்ல மனுஷர், மனசோடுதான் கூப்பிட்டார். ஆனால் அந்த மாடி அறையை நான் அறிவேன். மதினியின் அடுப்படியில் நான் ரெண்டாவது ஆளாக நிற்க வேண்டும், இவர் அண்ணன் கடையில் சீனி நிறுக்க வேண்டும். எனக்கு ஓசூர் பிடித்துப்போயிருந்தது. சித்திரை மாதத்தில்கூடப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். மகள் மூன்றாம் வகுப்பில் நாலு மொழியில் சண்டை போடப் பழகியிருந்தாள். வண்டி ஓடினால் இங்கே இருப்போம், ஓடாவிட்டால் அந்த மாடி அறை. அவ்வளவுதான் விஷயம். எனவே வண்டி வாங்கலாம் என்று முதலில் தலையாட்டியவள் நான்தான்.

வண்டியை விற்றவர் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த பாய். ஓசூருக்கு லோடு இறக்க வந்தவர், ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை இவர் கையில் கொடுத்தார். எங்கள் ஊரில் மைலேஜ் பார்க்க ஒரு வழக்கம் உண்டு. பங்கில் டீசலை விளிம்பு வரைக்கும் நிரப்பவேண்டியது. கிருஷ்ணகிரி வரைக்கும் ஓட்டவேண்டியது. அங்கே மறுபடியும் விளிம்பு வரை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்க்கவேண்டியது. அன்றைக்கு மூன்று லிட்டரும் கொஞ்சமும்தான் பிடித்தது. இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மகள் பிறந்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

"தம்பி, ஒருவாட்டி மேல ஏத்தியும் பாத்துட்டுச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் பாய்.

"எதுக்கு பாய்? அதான் பாத்தாச்சே" என்றார் இவர்.

ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பள்ளத்தில் இருக்கிறது. ஓசூரிலிருந்து போனால் சூளகிரி தாண்டி வழி நெடுக இறக்கம்தான். அந்த இறக்கத்தில் கட்டை வண்டிகூட நல்ல மைலேஜ் கொடுக்கும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். குளிருக்குக் காரணம் சொல்லும்போது தெரியும், மைலேஜ் பார்க்கும்போது மட்டும் மறந்துபோகும். இறங்கிப் பார்த்துவிட்டு வண்டி வாங்குவது, பிறகு ஆயுசு முழுக்க அந்த எண்ணையே ஊருக்குச் சொல்வது. பாய் நேர்மையாக எச்சரித்தும், நாங்களும் ஊரோடு ஒத்துத்தான் வாழ்ந்தோம்.

மாங்காய் சீசனில் நல்ல வாடகை கிடைத்தது. காலையில் காலியாக இறங்குவார். கிருஷ்ணகிரியில் வண்டி முதுகு ஒடிகிற அளவுக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டு ஓசூருக்கோ, எல்லை தாண்டி பெங்களூர் பக்கமோ ஏறுவார். ஏற்றத்தில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு மாடு மாதிரி மூச்சு வாங்கும். லிட்டருக்கு ஒன்பது வந்தால் அதிகம். யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாக, வந்த வாடகை எல்லாம் பங்கிலேயே இறங்கியது. எந்த மாநிலத்தில் டீசல் விலை குறைவோ அந்தப் பக்கத்து பங்கில் நிற்கிற கூட்டத்தில் இவரும் போய் நின்று பார்த்தார். அதில் மிச்சமானது டீச்செலவுக்குத்தான் சரியாக இருந்தது. ஆனாலும் கேட்டவர்களுக்குப் பதினாறு என்றே சொன்னார். வீட்டுக்குள் என்னிடமும் பதினாறு என்றபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. புருஷன் ஊருக்குப் பொய் சொல்லலாம், சோறு போடுகிறவளுக்குச் சொல்லலாமா?

உண்மை அவர் வாயிலிருந்து ஒரு ஆவணி முகூர்த்த நாளில்தான் வந்தது. கல்யாணத்துக்காக அவரோடு கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினேன். சூளகிரி தாண்டிய இறக்கத்தில் திடீரென்று வண்டிக்குள் அமைதி. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க ஆச்சு? வண்டி நின்னு போச்சா?"

"நிக்கல. என்ஜின ஆஃப் பண்ணிட்டேன். இறக்கம்தான, தானா போகும். டீசல் மிச்சம்."

சொல்லி வாய் மூடவில்லை, முன்னால் போன பேருந்து வேகத்தைக் குறைத்தது. இவர் பிரேக்கை மிதித்தார். என்ஜின் அணைந்திருந்தால் பிரேக்குக்குப் பலம் இருக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ரெண்டு காலாலும் எழுந்து நின்று மிதித்தார். பேருந்தின் பின்பக்கம் எங்கள் கண்ணாடிக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. நான் வாயைத் திறந்தேன், நிறையவே வந்தது. நான் பேசிய எல்லாவற்றையும் எழுத முடியாது. கடைசியில் அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒன்பதுதான் குடுக்குது. ஏறுறப்ப எட்டுகூட வருது. என்னால தாக்குப் பிடிக்க முடியல. அண்ணன் கடைக்கே போயிருவோம்."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. எந்த மிஷினையும் பிரித்துப் பூட்டுகிற மனுஷன், சாமானைப் பொட்டலம் கட்டப் போகிறேன் என்று சொல்லும்போது எப்படிக் கோபப்படுவது? சரி என்றேன். அன்றைக்குக் கல்யாண வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

புரோக்கரிடம் சொல்லி வைத்தோம். புரட்டாசி பிறந்த பிறகு பாகலூர்ப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். அதற்குள் அண்ணன் மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டதாகப் போன் செய்திருந்தார். ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள்தான் இருந்தது. மகள் வேறு, "இந்த வருஷம் கம்பெனியில பொரிப் பொட்டலம் தருவாங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் பூஜை முடிந்து பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ் என்று இவர் கொண்டுவருவது அவளுக்குத் தீபாவளியைவிடப் பெரிது. இவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

கோழிப்பண்ணைக்காரரும் நம் ஊர் ஆள் அல்லவா. "கிருஷ்ணகிரி வரைக்கும் போய்ப் பாத்துரலாம்ணா. டீசல் என் செலவு" என்றார். விற்கிற அன்றாவது கடைசியாக ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று நானும் ஏறிக்கொண்டேன். மகளை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டோம். முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து இறங்கினோம். கிருஷ்ணகிரி பங்கில் விளிம்பு வரை நிரப்பினால், பழையபடி மூன்று லிட்டரும் கொஞ்சமும். கோழிப்பண்ணைக்காரர் முகத்தில், அன்றைக்கு இவர் முகத்தில் பார்த்த அதே சிரிப்பு. அட்வான்ஸ் கொடுக்கச் சட்டைப் பையில் கை விட்டார்.

வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நானும் வாங்கட்டும் என்றுதான் நினைத்தேன், மறைக்கமாட்டேன். இவர் நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"ஒருவாட்டி மேல ஏத்தியும் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. லோடோட ஏறுனா நல்லாக் குடிக்கும். அப்புறம் என்னைய வையாதீங்க."

கோழிப்பண்ணைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சரிண்ணா, லோடு ஏத்தியே பாத்துரலாம். லோடுக்கு எங்க போறது?" என்றார்.

இவருக்குத் தெரிந்த இடம் பாயின் மண்டிதான். மாங்காய் முடிந்தால் பாய் பொரி வியாபாரம் பார்ப்பார். நாங்கள் போனபோது மண்டியில் பொரி மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. பாய் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஆயுத பூஜைப் பொரி போகவேண்டும், வருவதாகச் சொன்ன வண்டி வரவில்லை. இவரைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார்.

"அல்லா அனுப்பிச்ச மாதிரி வந்தீங்க தம்பி! ஏத்துங்க, ஏத்துங்க. மூட்டைக்கு இவ்ளோன்னு வாடகை, எடை கெடையாது."

வண்டி கேபினுக்கு மேலே ரெண்டு ஆள் உயரத்துக்குப் பொரி ஏறியது. கயிறு போட்டுக் கட்டியதும் பார்த்தால் வண்டியே தெரியவில்லை, மூட்டைக்குக் கீழே நாலு சக்கரம் மட்டும் தெரிந்தது. பாய் என்னிடம் ஒரு சின்ன மூட்டையைக் கொடுத்து, "பாப்பாவுக்கு ம்மா" என்றார். கிளம்பினோம்.

வழக்கமாக அழுதுகொண்டு ஏறுகிற மேட்டில் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. புகை இல்லை. கியரை அடிக்கடி மாற்றவில்லை. எதிர்க்காற்றுக்கு மூட்டைகள் மட்டும் கொஞ்சம் ஆடின. சூளகிரி வந்தபோது இவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இத்தனை மாதம் எங்கள் ரெண்டு பேர் மூளைக்கும் எட்டாதது அப்போதுதான் எட்டியது. காலி வண்டியைப் பள்ளத்தில் இறக்கி, பாரத்தை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஓசூரில் கோஸும் பீட்ரூட்டும் கீழே போக வண்டி இல்லாமல் மலைபோல் கிடக்கின்றன. கனத்தைக் கீழே இறக்கி, லேசானதை மேலே ஏற்றியிருந்தால் என்ன? வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

"வண்டி குடிக்கலங்க, நாமதான் ஊத்தி விட்டிருக்கோம்" என்று அவர் காதில் சொன்னேன்.

ஓசூர் பங்கில் நிறுத்தி மறுபடி விளிம்பு வரைக்கும் நிரப்பினார்கள். கோழிப்பண்ணைக்காரர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பதிமூன்று! அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்ளோ லோடு வெச்சு ஏத்தியே பதிமூணா! வண்டி நம்மளுதுண்ணா" என்று டீசலுக்குக் காசை நீட்டினார். அந்தக் கையை இவர் மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினார். தன் பையிலிருந்து எடுத்து பங்க் பையனிடம் கொடுத்தார். காலையிலிருந்து கோழிப்பண்ணைக்காரர் ஊற்றிய டீசலுக்கும் சேர்த்து அவர் கையில் திணித்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே. வண்டியக் குடுக்கல."

"அப்ப என்னைய ஊர் சுத்திக் காட்டவா கூட்டிட்டுப் போனீங்க?" என்று அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. நான் குறுக்கே புகுந்து, அண்ணே அண்ணே என்று சமாதானம் சொல்லி, மகளுக்குக் கொடுத்த மூட்டையிலிருந்து ஒரு பை நிறையப் பொரி அள்ளிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார். நல்ல மனுஷராகத்தான் இருக்கவேண்டும். அடுத்த வருஷம் அவர் பண்ணை முட்டையைக் கீழே கொண்டுபோக இவரைத்தான் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி எங்களுக்கு ஏழெட்டு வருஷம் சோறு போட்டது. கீழே கோஸ், மேலே பொரி, காலிக் கிரேட், பேப்பர் தட்டு. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை நிற்கிறது என்று தோட்டத்துக்காரர்கள் தாமதமாகக் காய் கொண்டுவந்த நாட்களில்கூட வண்டி கோபித்துக்கொள்ளாமல் எங்களுக்காக ஓடியது. அதற்கும், ஏறிப் பார் என்று சொன்ன பாய்க்கும், அதே வார்த்தையைத் தானும் சொல்லத் தோன்றிய என் வீட்டுக்காரருக்கும் நான் கடன்பட்டவள். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்த அண்ணனையும் மறக்கமாட்டேன். வரவில்லை என்று சொன்னபோது, "அப்பாடா, நல்லாயிருங்கடா" என்றார், அவ்வளவுதான்.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அன்றைக்குச் சாயங்காலம் மத்திகிரிக்குள் நுழைந்ததைத்தான். மூட்டைகளைக் கம்பெனிகளில் இறக்கப் போகும் முன், என்னை விட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டு முன்னால் நிறுத்தினார். மகள் ஓடிவந்தாள். வானத்துக்கும் பூமிக்குமாக நின்ற பொரி மூட்டைகளை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அப்பா! இவ்ளோவும் கம்பெனியில குடுத்தாங்களா?"

இவர் கதவைச் சாத்திவிட்டு வண்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கம்பெனி இல்லடா. நம்ம வண்டி குடுத்துச்சு."