வீதிப் பக்க அறை

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையை விட்டு, பஸ்கள் ஓடும் காலி வீதிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது என் கையில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. கொடுக்கப் போன கொத்தமல்லித் தண்ணீர் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. தோளில் என் பை. அதற்குள் சறமும் சேர்ட்டும் சவரச் சாமானும். அன்று காலைதான் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தேன். தெஹிவளையில் ஒரு ஹாட்வெயார் கடை முதலாளி மறுநாள் வரச் சொல்லியிருந்தார். வேலையை விடுவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பை விட்ட நாளிலிருந்து எதையாவது விட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் வேலை மணி அடிப்பது, கதவுகளைத் திறப்பது, ஆசிரியர் அறைக்குத் தேநீர் கொண்டுபோவது. தற்காலிகம்தான். நான் சேர்ந்த கிழமைதான் அந்தப் புது ஆசிரியையும் வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. கணிதம். முதல் நியமனம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் அறை எடுத்து, பஸ்ஸில் நின்றபடி வந்துபோவார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஆசிரியர் வராவிட்டால் அவருடைய வகுப்புக்குப் போய் நிற்க வேண்டியவர், கடைசியாக வந்து சேர்ந்தவர். அதை ரிலீஃப் என்பார்கள். வீதிப் பக்கத்து அறையும் கடைசியாக வந்தவருக்கே. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லொறிகள் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் கியர் மாற்றும். யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. “புதுசுதானே, பழகட்டும்” என்பார்கள். அவர்களும் அப்படித்தான் பழகியவர்கள்.

புது ஆசிரியைக்கு ஓய்வுப் பாடவேளை என்று ஒன்று இருக்கவில்லை. முதலில் கத்திப் படிப்பித்தார். இரண்டாம் தவணையில் குரல் கம்மியது. பிறகு முன்வரிசைப் பிள்ளைகள் கேட்டதைப் பின்வரிசைக்குச் சொல்லிவிட்டார்கள். பின்வரிசைக்குப் போய்ச் சேரும்போது அது வேறு கணக்காக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. வழக்கம் அங்கே சிக்கிக்கொண்டது. அவருக்குப் பிறகு வந்தவர் எவரும் இல்லை. பகுதித் தலைவி என்னைக் கூப்பிட்டார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய, கண்டிப்பான ஆசிரியை.

“நீ போய் அந்த வகுப்பில இரு. சத்தம் போடாமப் பார்த்துக்கொள்.”

போய் இருந்தேன். ஒரு பெடியன் எழும்பி, “அண்ணே, நீங்க என்ன பாடம்?” என்றான்.

“மணி அடிக்கிற பாடம்” என்றேன்.

அதற்குப் பிறகு வகுப்பை யாராலும் அடக்க முடியவில்லை. சத்தம் கேட்டுப் பகுதித் தலைவியே வந்தார். ஒரு வசனம் தொடங்கினார், லொறி வந்தது. அது போகும்வரை காத்திருந்து மறுபடி தொடங்கினார், அடுத்தது வந்தது. பாடவேளை முடிந்தபோது இருமிக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

“நானும் இந்த அறையிலதான் தொடங்கினனான்” என்றார். “அப்ப இந்த ரோட்டால மாட்டு வண்டிலும் போனது.”

புதன்கிழமையும் புது ஆசிரியை வரவில்லை. போன் எடுத்தாலும் பதில் இல்லை. நான் வேலையை விடுகிறேன் என்று சொல்லப்போனது அந்தக் காலையில்தான்.

“நீயுமோ?” என்றார் பகுதித் தலைவி. “சரி. எந்தப் பக்கம் போறாய்?”

“தெஹிவளை, ரீச்சர்.”

“அப்ப வெள்ளவத்தையில இறங்கி இந்தக் கொத்தமல்லித் தண்ணியைக் குடுத்திட்டுப் போ, தொண்டைக்கு நல்லது. சுகமானதும் வரட்டும் எண்டு சொல்லு.” அப்படித்தான் ஃபிளாஸ்க் என் கைக்கு வந்தது.

மேல்மாடியில் புது ஆசிரியை சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். சிப் மூடவில்லை. குரல் காற்றாகத்தான் வந்தது.

“நாளைக்கு இரவு பஸ்ஸில ஊருக்குப் போறன், அண்ணை. சத்தமில்லாத ரீச்சரை வச்சு என்ன செய்யப் போறியள்?”

சொல்லாமல் கொள்ளாமல் போனால் நியமனம் போய்விடும். அரசாங்க வேலை, இன்னொரு தடவை கிடைக்காது. அது எனக்கே தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நான் ஒரு முழங்காலைச் சூட்கேஸில் வைத்து அமுக்கினேன். மூடிக்கொண்டது. நான் வந்த காரியம் அதுவல்ல என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது. ஃபிளாஸ்க்கைக்கூட அவர் வாங்கவில்லை.

காலி வீதியில் பஸ் தரிப்பில் நின்று பகுதித் தலைவிக்கு போன் எடுத்தேன்.

“என்ன, அழுகிறாவோ?”

“இல்லை. சூட்கேஸ் கட்டியாச்சு.”

“ஆர் கட்டினது?”

“நானும் கொஞ்சம் பிடிச்சனான்.”

“உன்னை அனுப்பின என்னைச் சொல்லோணும்.” போனில் ஒரு லொறி கியர் மாற்றுவது கேட்டது. பிறகு, “திரும்பிப் போ. அந்த வீதிப் பக்க அறையை இனி ஆசிரியர் அறையாக்கிறம். பின்பக்கத்து ஆசிரியர் அறை அவவின்ர வகுப்புக்கு. ரிலீஃபும் இனி எல்லாருக்கும் முறை வச்சுத்தான். முதல் முறை என்ர. அதிபரிட்டை நான் கதைக்கிறன். போய்ச் சொல்லு.”

“நான் வேலையை விட்டிட்டன், ரீச்சர்.”

“விட்டனி எண்டா வாயும் போச்சோ?”

திரும்பி நடந்தேன். கேட்டதை அப்படியே சொன்னேன். புது ஆசிரியை நம்பவில்லை.

“மற்ற ரீச்சர்மார் ஓமெண்டவையோ?”

“தெரியாது.”

ஃபிளாஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டார். மூடியில் ஊற்றிக் குடித்தார். சூட்கேஸ் மூடியபடியே கிடந்தது.

மறுநாள் காலை தெஹிவளைக்குப் போகவேண்டியவன், நான் போய்ச் சொன்னது நடக்கிறதா என்று பார்க்க எதிர்த் திசையில் பஸ் ஏறினேன். ஹாட்வெயார் முதலாளி பிறகு வேறு ஒருவரை வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறை வாசலில் நல்ல சண்டை நடந்துகொண்டிருந்தது.

“லொறியோட சேர்ந்தோ நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறது?” என்றார் ஒரு மூத்த ஆசிரியர்.

“ஓம்” என்றார் பகுதித் தலைவி. “நீங்கள் கதைக்கிற ஊர்வம்பு ஒருத்தருக்கும் கேக்காது. நல்லதுதானே.” பிறகு என்னைப் பார்த்து, “வந்திட்டியோ? பெரிய மேசையில தொடங்கு” என்றார்.

அந்த மேசையை வாசலுக்கு இழுத்தபோது புது ஆசிரியை நடைபாதையில் நின்றார். கையில் ஃபிளாஸ்க். சூட்கேஸ் இல்லை.

“பார்க்கத்தான் வந்தனான்” என்றார் காற்றுக் குரலில். “பஸ் இரவுதானே.”

“பார்க்கிறதெண்டா பாருங்கோ. மேசை வழியில நிக்குது” என்றேன்.

ஃபிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். அன்று நான் எடுத்த வேலை அதுதான்: ஆசிரியர் அறையை வீதிப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவது. மேசை கனம். இரண்டு இடத்தில் வைத்து வைத்துத்தான் தூக்கினோம்.